அரைச் சீசா மருந்து

ஆவணி 9, திங்கள்

காலையிலேயே வெயில். தர்மாஸ்பத்திரியில் ரைட்டராகச் சேர்ந்து ஆறாம் நாள். நோயாளியின் பெயர், ஊர், வியாதி எழுதுவது என் வேலை. கூட்டமானால் கம்பவுண்டருக்குக் கையாள். ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாம். பள்ளிக்கூடத்தை மூடியபின் நான்கு மாதம் சும்மா கிடந்தவனுக்கு இதுவே பெரிது. வைத்தியத்தில் எனக்குத் தெரிந்தது சுக்குக் கஷாயம்.

கம்பவுண்டர் மீரானுக்கு வயது இருபத்துநாலு. எனக்கு நாற்பத்தொன்று. "வாத்தியாரே, கையக் கழுவிட்டு வாங்க" என்று இன்றைக்கு மட்டும் நாலு தடவை. நாலாவது தடவை கோபம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கழுவினேன்.

ஆயா மரியம்மாள், என் காதில் விழட்டும் என்றே: "பிரம்பு புடிச்ச கையி. நனைஞ்சா கரைஞ்சா போயிரும்?"

ஆவணி 11, புதன்

வாங்க வேண்டியது: கோந்து, மை, வீட்டுக்கு நல்லெண்ணெய்.

சீசா விவரம் இன்று பிடிபட்டது. வருகிறவர்களே சீசா கொண்டுவருகிறார்கள். பன்னீர்ச் சீசா, எண்ணெய்ச் சீசா, எதுவும். மருந்தை ஊற்றி, எத்தனை வேளையோ அத்தனை பல் வெட்டிய தாளை வெளியே ஒட்டுகிறோம். ஒரு பல் இறங்கினால் ஒரு வேளை. படிக்காதவர்க்கும் புரியும். யார் கண்டுபிடித்ததோ, கெட்டிக்காரர்.

மீரான் மருந்து கலக்குவதைப் பார்க்க வேண்டும். ஒரு கிழவி ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டாள். மூன்றாம் முறையும் முதல் முறை கேட்டதுபோலவே பதில் சொன்னான். எனக்கு அந்தப் பொறுமை இருந்திருந்தால் எத்தனை பிள்ளைகள் அடி வாங்காமல் தப்பியிருக்கும்.

மீரான் கம்பவுண்டர் வேலையோடு நிற்கப்போவதில்லையாம். இந்த வருஷம் மேல் பரீட்சைக்கு மதுரைக்குப் போகும் ஆசை. மரியம்மாள் சொன்னது.

ஆவணி 12, வியாழன்

கூட்டமோ கூட்டம். "ஊத்துன பொறவு தாள் ஒட்டுங்க" என்றான் மீரான். எனக்கு வேறு யோசனை. சீசாக்களை வரிசையாக வைத்து, அடியிலிருந்து கழுத்துவரை முன்கூட்டியே ஒட்டிவிட்டேன். பாதி நேரம் மிச்சம். மரியம்மாளே "பரவாயில்லையே" என்றாள். ஒரே குஷி.

ஆவணி 13, வெள்ளி

வீடு திரும்பி எழுதுகிறேன்.

காலையில் ஒருவனுக்குச் சீசாவில் பாதிதான் மருந்து. மீரான் மருந்து நின்ற மட்டத்தில் நகத்தை வைத்து, அந்த உயரத்துக்கே தாளை வெட்டினான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நேற்று ராஜபாளையத்து ஆள் ஒருவர், காய்ச்சலில் இளைத்த தாயாருக்காகப் பெரிய சீசா கொண்டுவந்தார். எட்டிக்கொட்டை சேர்ந்த மருந்து, அரைச் சீசா. என் தாளோ முழுச் சீசாவுக்கு. எட்டு வேளை மருந்து நாலே வேளையாகிவிட்டது. எட்டிக்கொட்டை அளவு மீறினால் விஷம்.

சொன்னால் வேலை போகும். எழுத வெட்கமாக இருக்கிறது, கொஞ்ச நேரம் யோசித்தேன். அப்புறம்தான் மீரானிடம் சொன்னேன்.

திட்டவில்லை. "நேத்து அந்தி, ராத்திரி, இன்னைக்குக் காலம்பற. மூணு வேளை குடிச்சிருப்பாக. வண்டி புடிங்க, நானும் வாரேன்."

டாக்டர் வெளியூர் முகாமில். கூட்டத்தை உட்காரவைத்தாள் மரியம்மாள். "நான் பாத்துக்கிடுதேன். போங்க ரெண்டு பேரும்."

ஏழு மைல். மாடு நகரவே இல்லை என்று தோன்றியது. ஜும்மா நாள். மீரானுக்குத் தொழுகை போயிற்று. அவனோ வண்டிக்காரனை விரட்டிக்கொண்டே வந்தான்.

அந்த அம்மாளுக்குத் தாடை இறுகியிருந்தது. தொட்டால் கால் வெட்டி இழுத்தது. மகன் தம் வீட்டுப் பாஷையான தெலுங்கில் கத்தினார். மீரான் கைகூப்பினான். "தப்பு எங்க பேர்லதான். செத்த நேரம் சத்தமில்லாம இருங்க. தொடாதிய." வெளிச்சம் பட்டாலும் இழுக்கும் என்று ஜன்னலுக்குத் துணி கட்டி இருட்டாக்கினான். வாசலில் யாரும் நடக்கவிடவில்லை. அவள் பக்கத்திலேயே அசையாமல் இருந்தான். சாயங்காலம் கால் தளர்ந்தது. கஞ்சி கேட்டாள். நான் கிணற்றடிக்குப் போய் அழுதேன்.

ஆவணி 14, சனி

மேகமூட்டம். டாக்டர் வந்தார். நடந்ததை மீரானே சொன்னான். "தாள் ஒட்டியது யார்?"

நான் வாய் திறக்குமுன் மீரான்: "சீசா என் கை வழியாத்தான் போச்சுங்க. நான் பாத்திருக்கணும்."

"கம்பவுண்டரின் அஜாக்கிரதை என்று புத்தகத்தில் எழுதும்" என்றார் என்னிடம். அந்தப் புத்தகம் மேலிடத்துக்குப் போகும். போனால் இவனுக்குப் பரீட்சை இல்லை.

எழுதினேன்: 'தாள் ஒட்டியவன் நான். மருந்து ஊற்றிய பின் ஒட்டும்படி கம்பவுண்டர் சொல்லியும் கேட்கவில்லை.' கீழே கையெழுத்து.

டாக்டர் இரண்டு தரம் படித்தார். பிறகு மீரானிடம்: "இந்த ஆளை வைத்துக்கொண்டு நீ வேலை பார்க்க முடியுமா?"

"முடியுங்க. நேத்து இவரு வாயத் தொறக்கலைன்னா அந்த அம்மா இன்னைக்கு இல்ல. கூட வேலை பாக்க எனக்கு அது போதும்."