முனிராஜ் எடுத்து வைத்த சுவரொட்டி

இன்று மத்தியானம் ஃப்ரிட்ஜின் மேல்கதவு மூடவில்லை. முழங்கையால் அழுத்தினேன், முழங்காலை முட்டுக் கொடுத்தேன், விட்டதும் திறந்துகொண்டது. உள்ளே ஐஸ் தட்டு வைக்கக்கூட இடமில்லை. எல்லாம் கைப்பிடி அளவுக் கறுப்புக் கவர்கள், கல்லாய் இறுகி ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. அத்தனையும் உனக்கு வந்தது. கறிக்கடை முனிராஜ் ஞாயிறு தவறாமல் உனக்கென்று எடுத்து வைத்த சுவரொட்டி, அதுதான் ஆட்டு மண்ணீரல். நீ போனது தையில். இப்போது ஆவணி. "கதவை உடைச்சுப் போட்டா யாரு புதுசு வாங்குறது?" என்று நீ போடும் சத்தம் மட்டும்தான் குறை.

அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து என் கம்பெனி வேலைக்காக இந்தப் போச்சம்பள்ளிக்கு வந்த புதிதில் நீ படுத்திய பாடு கொஞ்சமா? "ஒருத்தி தெலுங்குல பேசுறா, ஒருத்தி கன்னடத்துல பேசுறா, நான் சுவத்தப் பாத்தா பேசட்டும்?" என்று மூட்டையைக் கட்டாத குறை. அந்த மூட்டையை அவிழ்த்தது முனிராஜ்தான். ஒரு ஞாயிறு, சந்தைக் கூட்டத்துக்கு நடுவில், அவன் கடைவாசலில் தூக்குவாளியை நீட்டிக்கொண்டே ஆரம்பித்தாய். "ஏ தம்பி, எலும்ப எல்லாம் என் தலையில கட்டிட்டு, கறிய யாருக்கு ஒளிச்சு வச்சிருக்க?" அவன் கத்தியை நிறுத்தாமலே, "யக்கா, எலும்பு இல்லாத ஆடு எப்படிக்கா நடக்கும்?" என்றான். நீ சிரித்துவிட்டாய். இந்த ஊரில் நீ வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான் முதல் தடவை. அதற்கப்புறம் ஞாயிறு காலை உங்கள் சண்டை, நான் வண்டியோடு ஓரமாக நிற்கும் டிரைவர்.

உனக்கு ரத்தம் கம்மி, சுவரொட்டி சாப்பிடச் சொல்லியிருக்கிறார் டாக்டர் என்பதைக் கடைக்கே கேட்கும்படி சொன்னாய். ஓர் ஆட்டுக்கு ஒரு சுவரொட்டிதான். கேட்கிறவர்கள் பத்துப் பேர். அன்று முதல் முனிராஜ் கூட்டம் வருவதற்கு முன்பே அதைக் கவரில் போட்டுத் தராசுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிடுவான். நீ சின்ன வெங்காயமும் மிளகும் போட்டு வதக்குவாய். அந்த வாடைக்கு நான் வாசலுக்கு ஓடுவேன். "வாயில வச்சுப் பாருங்க, அப்புறம் பேசுங்க" என்பாய். ஒரு நாளும் நான் வைத்துப் பார்க்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து ஊரிலிருந்து திரும்பியதும் நான் முதலில் போனது பாரூர்க் கால்வாய் ஓரத்துத் தோட்டத்துக் கடைக்கு. கத்திரிக்காயில் பூச்சி இருக்கிறதென்று நீயும் காய் விற்கும் அந்தச் சின்னம்மாவும் மல்லுக்கட்டுவீர்களே, அங்கேதான். நீ எங்கே என்று கேட்டாள், உண்மையைச் சொன்னேன். தக்காளிக் கூடைக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்து அழுதாள். நல்ல மனுஷிதான், குறை சொல்லக்கூடாது. ஆனால் அதற்குப்பின் நான் போகும்போதெல்லாம் "மகராசி போயிட்டாளே" என்று ஆரம்பித்துவிடுவாள். என்னைக் காய் பொறுக்கவே விடுவதில்லை, அவளே அள்ளிப் போடுவாள். நீ சண்டை போட்ட இடம் இழவு வீடாகிப் போயிற்று. போவதை நிறுத்திவிட்டேன்.

அந்தப் பயத்தோடுதான் முனிராஜ் கடைக்குப் போய் நின்றேன். நல்ல கூட்டம். தலையைத் தூக்கிப் பார்த்து, "சார், அக்கா வர்லீங்களா?" என்றான்.

"வரலப்பா."

"ஊருக்குப் போயிருக்குதா?"

"ஆமா."

அவ்வளவுதான் நடந்தது. அதுவும் முழுப் பொய்யில்லை, சேலத்து ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை நேரே ஊருக்குத்தானே கொண்டு போனோம். கம்பெனி ஆட்களையும் அந்தச் சின்னம்மாவையும் தவிர இங்கே யாருக்குத் தெரியும்? முனிராஜ் ஆணியிலிருந்த கவரை எடுத்து என் கையில் திணித்தான். "அக்கா வந்ததும் குடுங்க, கெடாம வெச்சிருங்க சார்."

முதல் வாரம் சொல்லாததை இரண்டாம் வாரம் எப்படிச் சொல்வது? மூன்றாம் வாரம் கேட்டபோது, மருமகளுக்குப் பிரசவம், அதனால் பெங்களூரில் மகன் வீட்டில் இருக்கிறாய் என்று வாய் சொல்லிவிட்டது. பிரசவம் என்றால் குழந்தை பிறக்காமல் இருக்குமா? நம் மருமகளுக்கே தெரியாமல் அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. "யார் ஜாடை சார்?" என்று வேறு கேட்டான். உன் ஜாடை என்றேன். நீ இருந்து கேட்டிருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். எனக்கோ சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறும்போதே மறுநாளைக்கான பொய்யைத் தேடும் வேலை ஆரம்பித்துவிடும்.

வேறு கடைக்குப் போயிருக்கலாமே என்பாய். அதையும் பார்த்துவிட்டேன். ஒரு ஞாயிறு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அவன் கடையைத் தாண்டிப் போனேன். வண்டிச் சத்தத்தை வைத்தே, "சார்! அக்காவுது எடுத்து வெச்சிருக்கேன், மறந்துட்டுப் போறீங்க!" என்று ரோட்டுக்கே ஓடி வந்துவிட்டான். மகனோ, ஃபோனில் ஆர்டர் போட்டால் கறி வீட்டுக்கே வரும், அதையும் விட்டால் பெங்களூருக்கே வந்துவிடுங்கள் என்கிறான். இரண்டும் என்னால் ஆகவில்லை. உன்னிடம் சொல்வதற்கென்ன? வீட்டில் நீ, மாலை போட்ட படம். கம்பெனியில் "பாவம், சம்சாரம் போயிட்டாங்க." ஊரில் திதி எப்போது என்ற பேச்சு. முனிராஜ் கடையில் மட்டும்தான் நீ இன்னும் திரும்பி வர இருந்தாய். வசமாக மாட்டிக்கொண்டேன், விடுபடவும் மனசில்லை.

இன்று காலை என்னைக் கண்டதும் முனிராஜ் கத்தியைக் கீழே வைத்துக் கையைக் கழுவினான். உள்ளிருந்து அவன் மகள் தட்டோடு வந்தாள். நீ ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் சீரணி மிட்டாய் வாங்கி வந்து கொடுப்பாயே, அந்தப் பெண். தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், பத்திரிகை, ஒரு குங்குமப் பொட்டலம்.

"பாப்பாவுக்குக் கல்யாணம் சார். மொத பத்திரிகை சாமிக்கு வெச்சாச்சு, அடுத்தது ஒங்களுக்குத்தான். நலங்குக்கு அக்காதான் மொதல்ல கை வெக்கணும். பெங்களூர்ல இருந்து ஒரு நாள் முன்னாடியே வரச் சொல்லுங்க."

"ஆன்ட்டி நம்பர் குடுங்க அங்கிள், நானே கூப்புடுறேன்" என்றாள் பெண்.

சொன்னால் கல்யாணத் தட்டின்மேல் சாவுச் செய்தி. சொல்லாவிட்டால் நலங்கன்று இந்தப் பெண் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பேரக்குழந்தையைப் பிறக்க வைத்த வாய்க்கு, கல்யாணக் காரியத்தில் பொய் சொல்ல வரவில்லை. "பாப்பா, தட்ட உள்ள வச்சிட்டு வாம்மா" என்றேன். அவள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள்.

"முனிராஜ், அக்கா இல்லப்பா. தையிலேயே போயிட்டா."

அவன் கறி வெட்டும் கட்டையையே பார்த்துக்கொண்டு நின்றான். "அப்ப பேத்தி?"

"அதுவும் இல்ல."

"ஏன் சார் சொல்லல?"

"இங்க மட்டுந்தாம்ப்பா அவ இருந்தா."

திட்டுவான் என்று நினைத்தேன். தோள்பட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "பத்திரிகைய வீட்டுக்குக் கொண்டாரேன் சார். குங்குமத்த அக்கா படத்துக்கு முன்னாடி வெச்சிர்றோம். சுமங்கலியாப் போனது. பாப்பா அது கையால வாங்கிக்கிட்டதா இருக்கட்டும்" என்றான்.

அப்புறம் நீ கேட்கிற மாதிரியே, நெஞ்செலும்பு கொஞ்சம், தொடைக்கறி கொஞ்சம், அரைக் கிலோ வெட்டித் தூக்குவாளியில் போட்டான். கை பழக்கத்தில் ஆணிக்குப் போய்ப் பாதியில் நின்றது. "சார், இத... இனிமே வேற யாருக்காச்சும் குடுத்துரட்டுங்களா?"

தலையை ஆட்டினால் போதும், இத்தனை மாதத்துக் கட்டும் அவிழ்ந்துவிடும்.

"எனக்கு வை முனிராஜ்" என்றேன்.

வீட்டுக்கு வந்து பழக்க தோஷத்தில் இன்றைய கவரையும் மேலே திணிக்கப் போய்த்தான் கதவு மூடாமல் சண்டித்தனம் செய்தது. பழைய கவர்களை எல்லாம் என்ன செய்வதென்று நாளைக்குப் பார்த்துக்கொள்கிறேன். இன்றையதை மட்டும் வெளியே எடுத்தேன். சின்ன வெங்காயம் உரித்தேன், மிளகு தட்டினேன். வாடை கிளம்பியபோது வாசல் பக்கம் போகாமல் அடுப்புப் பக்கத்திலேயே நின்றேன். வெங்காயம் கொஞ்சம் கருகிவிட்டது, உப்பும் கூட. முழுவதையும் சாப்பிட்டேன்.

வாயில் வைத்துப் பார்த்துவிட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது. இனி நாம் பேசலாம்.