கேப்பர் தண்ணீரும் உங்கள் விரதமும்

இன்று காலை தெமோதரைத் தேயிலைத் தோட்டத்துப் பங்களாக் குசினியில் போத்தல் கழுவிக்கொண்டிருந்தேன். கப்பலில் வரும் பச்சை மொட்டு ஊறுகாய், துரைமார் கேப்பர் என்பார்களே, அதன் போத்தல். மொட்டு தீர்ந்து அடியில் உப்புத்தண்ணீர் மட்டும் கிடந்தது. மூடியைத் திறந்ததும் காடி வாசனை மூக்கில் ஏறியது. நீங்கள் கண்ணை மூடி இத்தனை வருஷமாகியும் அந்த மத்தியானம் என்னை விடவில்லை.

கந்தசஷ்டி நேரம். இரண்டு பிள்ளைகளைப் பிறந்த கையோடு மண்ணுக்குக் கொடுத்துவிட்டு, மூன்றாவதைச் சுமந்துகொண்டிருந்தேன். இதுவாவது தங்கட்டும் என்று முருகனுக்கு நேர்ந்து இருவரும் விரதம் இருந்தோம். பூனாகலைக்கு மேலே ஒரு பங்களாவில் நீங்கள் சமையல், நான் பாத்திரம். துரைக்கு ஆட்டிறைச்சி சமைப்பீர்கள், விரத நாளில் நாக்கில் வைக்க மாட்டீர்கள். உங்கள் கையளவு தப்பாது என்று ஒரு கர்வம் வேறு.

அன்று துரைக்கு விருந்தாளிகள். கேப்பர் குழம்பு வேண்டும் என்று உத்தரவு, போத்தலிலோ மொட்டே இல்லை. மிச்சத் தண்ணீரைக் குழம்பில் ஊற்றி, "வாசனை இருந்தா போதும், மொட்ட யாரு தேடப் போறா" என்று சிரித்தீர்கள். பிறகு வழக்கம்போல ஒரு கை உப்பையும் போட்டீர்கள்.

"ஏங்க, அந்தத் தண்ணியே உப்புத்தானே?" என்றேன்.

உங்கள் முகம் செத்துவிட்டது. முந்தின சமையல்காரர் சாப்பாட்டைக் கெடுத்தார் என்று அவரையும் பெண்டாட்டியையும் அன்றைக்கே மழையில் வெளியே தள்ளியவர் அந்தத் துரை. எனக்கோ ஏழாம் மாசம். உள்ளே சாப்பாட்டு மணி அடித்தார்கள்.

"நான் வாயில வச்சுப் பாக்குறேன், குடுங்க."

"வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு வெரதத்த முறிப்பியா? தள்ளு புள்ள."

கரண்டியை நீங்களே வாயில் வைத்தீர்கள். முகம் கோணியது. பாதிக் குழம்பைக் கொட்டி, மாவைப் பாலில் கரைத்து ஊற்றி, மறுபடி ருசி பார்த்துக் கொண்டுபோனீர்கள். நான் அடுப்பருகே நின்று முருகனைத் திட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் காலித் தட்டோடு திரும்பும்வரை என் உயிர் என்னிடம் இல்லை.

பிழைத்தோம். ஆனால் மலைத்தண்ணீர் கொட்டும் பீலியடியில் தலை முழுகிவிட்டு வந்து சொன்னீர்கள்: "முறிச்சது நானு. புள்ளைய தண்டிக்கக் கூடாது. அது பொறந்து அழுவுற வரைக்கும் எனக்குச் சோத்துல உப்பு வேணாம்."

பைத்தியமா என்று கத்தினேன். கேட்கிற ஆளா நீங்கள்? துரைக்கு ருசியாகச் சமைத்துவிட்டு, சப்பென்ற கஞ்சியைக் குடித்தீர்கள்.

மார்கழிக் குளிரில் மகள் பிறந்தாள். முதலில் சத்தமே இல்லை. மருத்துவச்சி தலைகீழாகப் பிடித்துத் தட்டிய பிறகுதான் வீறிட்டாள். வெளியே நின்ற நீங்கள் அவளைவிடப் பெரிதாக அழுதீர்கள்.

உங்கள் கோபம் அப்படியே அவளுக்கு. நேற்றுக்கூட ஒன்றுமில்லாததற்கு என்மேல் சீறி விழுந்தாள். "பெத்தவளப் பாத்து இப்படிக் கத்துறாளே, ஒரு அதட்டு அதட்டக் கூடாதா?" என்கிறாள் பக்கத்து வீட்டுக்காரி. எனக்கு மனசு வரவில்லை. கத்தட்டும் என்று விட்டுவிடுகிறேன். அந்தச் சத்தத்துக்காகத்தானே நீங்கள் உப்பில்லாமல் தின்றீர்கள்.