கரைக்குக் கீழே ஈர வயல்

1954 ஜனவரி 17
முதியோர் பள்ளியில் எழுத்துப் படித்த பிறகு கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. சங்கரன்கோவில் சந்தையில் கடைப்பலகைகளை எல்லாம் உரக்கப் படித்தேன். "மெதுவா வாசியும்யா, ஊரே பாக்குது" என்றான் மகன் துரைப்பாண்டி. பார்க்கட்டும்.

குளத்துக் கரையை ஒட்டிக் கீழே இருக்கிறது என் வயல். கரை வழியே நீர் ஊறி வருவதால் எப்போதும் ஈரம். என் நெல் பால் பிடித்துவிட்டது. கடைமடையில் தங்கப்பழத்தின் நெல் கருகுகிறது.

ஜனவரி 20
தங்கப்பழம் ஆட்களோடு வந்தான். "கரையில ஓட்டை போட்டுத் தண்ணியத் திருடுதீரு வே. குளம் பின்ன எப்படி இந்த வேகத்துல வத்தும்?"

இல்லை என்றேன். கல் வந்து நெற்றியைக் கிழித்தது. நானும் மண்வெட்டிக் காம்பால் ஒருவன் முழங்காலைப் பெயர்த்தேன். இந்த வயதிலும் அடி குறி தப்பாமல் விழுந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான்.

ஜனவரி 21
விடிந்து பார்த்தால் என் காளை ஒன்றின் பின்னங்கால் நரம்பை அறுத்திருக்கிறார்கள். மத்தியானம் வரை கதறிச் செத்தது. துரைப்பாண்டி கூடவே உட்கார்ந்திருந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜனவரி 22, மத்தியானம்
கரையில் ஓட்டை உண்டா என்று பார்க்க ஓவர்சியர் ஞானதுரை ஒரு புட்டியில் சாயத்தூள் கொண்டுவந்தார். தூள் செந்நிறம். தண்ணீரில் விழுந்ததும் கிளிப்பச்சை. என்ன அழகு! நீர்ப்பக்கம் கரையில் வரிசையாகக் குழி தோண்டி ஊற்றினார்.

"ஓட்டை இருந்தா பொழுது சாயமுன்ன பச்சை இவரு வயலுக்கு வந்திரும், அதுவும் ஒரே இடத்துல. ஓட்டை இல்லன்னா மண்ணுக்குள்ளதான் ஊறி வரணும். தண்ணி குடிச்சு நெறஞ்ச மண்ணுல அது ரொம்ப மெதுவா நடக்கும். நாளாகும்" என்றார்.

கரை நெடுக அரிவாளோடு ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

"இன்னைக்கே பச்சை வந்துச்சு, உம்ம தல எனக்கு" என்றான் தங்கப்பழம்.

"எடுத்துக்கலே. இப்பத்தான் எழுத்து ஏறியிருக்கு, சிந்தாம எடு."

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஜனவரி 23
துரைப்பாண்டி — நேற்று வெயில் தாழுமுன் அரிவாளோடு கரையேறினான். "ஓடுங்கலே, எல்லாவனும் ஓடுங்கலே" என்று வீசினான். தங்கப்பழம் கையை நீட்டித் தடுத்தான். வலக்கை மணிக்கட்டோடு விழுந்தது. மண்ணில் கிடந்து விரல் அசைந்தது. ரத்தம் என் வேட்டியில் எல்லாம் — போலீஸ் வந்து மகனைக் கொண்டுபோய்விட்டது.

ஏன்லே இப்படிச் செஞ்ச? வயல்ல ஒரு பொட்டுப் பச்சை வரலையே. ராத்திரி வரைக்கும் பொறுத்தா என்ன?

ஜனவரி 26
பச்சை இன்றுதான் வந்தது. வெளிறிப்போய், கரையடி நெடுகிலும் பரவலாக, மண் வியர்த்த மாதிரி. ஓவர்சியர் ஊரைக் கூட்டிச் சொன்னார்: "ஓட்டை எதுவும் இல்ல. கரை மண்ணே மணல்பாங்கு, மொத்தமா ஊறுது." நான் சேற்றில் நின்று குதித்தேன். அந்தச் சேற்றை அள்ளிய பச்சைக் கையோடு சங்கரன்கோவில் சப்ஜெயிலுக்கு ஓடினேன்.

துரைப்பாண்டி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "நீரு ஓட்டை போட்டிருப்பீருன்னுதான்யா நெனச்சேன். பச்சை வந்தா உம்மள வெட்டிருவானுவ. அதுக்கு முன்ன அவனுவளக் கெளப்பிரலாம்னு..."

கம்பிக்குள் கைவிட்டு அறைந்தேன். அவன் முகத்தை விலக்கவில்லை. கன்னத்தில் பச்சை ஒட்டிக்கொண்டது. அதைத் துடைத்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 27
ஊர் நம்பவில்லை, சரி. அவனுமா?

அக்டோபர் 24
துரைப்பாண்டிக்கு ஐந்து வருடம் தீர்ப்பாகிவிட்டது.

முதல் மழை பெய்து மண் பதமாக இருக்கிறது. செத்த காளைக்குப் பதில் ஒன்றை இரவல் வாங்கி, இன்று ஏரைக் கொண்டுபோய் தங்கப்பழத்தின் வயலில் பூட்டினேன். அவன் வரப்பில் வந்து நின்றான். மொட்டைக் கையைத் துண்டால் மூடியிருந்தான். போகச் சொல்லுவான் என்று நினைத்தேன்.

நாலு சால் ஓடியபின் வாய் திறந்தான்.

"ஆழமா விடும் வே. இங்கன ஊறல் கெடையாது."

மேழியை அழுத்திப் பிடித்தேன்.