அச்சில் பூஜ்யமாகும் எடை

செவ்வாய், இரவு.

மதியம் அம்மாவோடு புளியில் கொட்டை எடுத்துக்கொண்டே, அச்சுக்குப் போகவிருக்கும் என் கணிதக் கட்டுரையிலுள்ள அசமன்பாட்டின் நிரூபணத்தை மனதில் ஓட்டினேன். ஒரு வரியில் எடைச் சார்பால் வகுத்திருக்கிறேன். நான் எடுத்துக்கொண்ட நில்பொட்டன்ட் குலம் என்ற இயற்கணித அமைப்பின் நடு அச்சில் அந்த எடை பூஜ்யமாகிவிடும்; பூஜ்யத்தால் வகுக்க முடியாது. அதை நான் பார்க்கவே இல்லை.

"இன்னாடி, கை நின்னுபோச்சு?" என்றாள் அம்மா. ஒன்றுமில்லை என்றேன்.

சிக்னலுக்காக மேட்டில் ஏறி, எனக்குப் பின் ஆய்வுக்குச் சேர்ந்த சாந்தியை போனில் அழைத்தேன். அந்த அசமன்பாட்டில் வரும் என் மாறிலியை நம்பித்தான் அவள் ஆய்வேடே எழுதியிருக்கிறாள். நாளை அவளுக்கு வாய்மொழித் தேர்வு. நான் தொடங்குமுன்பே, "அக்கா, யாரு இன்னா கேட்டாலும் உங்க தேற்றத்தக் காட்டிட்டு வந்துருவேன்" என்றாள். நல்லா பண்ணு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

இப்போது அச்சை ஒட்டி ஒரு சார்பைப் போட்டுப் பார்த்தேன். தொகையீடு முடிவிலிக்குப் போகிறது; அப்படியானால் என் தேற்றமே பொய். இந்தக் கணக்கிலாவது நான் தப்பு செய்திருக்க வேண்டும். மறுபடி போட்டுப் பார்க்கப் பயமாக இருக்கிறது.