அப்பா சொன்ன கொச்சு

கிருஷ்ணநகர்,
சிராவண மாதம்

தம்பி பவதோஷுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் நலத்தை உன் மனைவி சுலேகா எழுதித்தான் தெரிந்துகொண்டேன். நீ நிலத்தை விட்டுக்கொடுக்கும் பத்திரத்தை மட்டும் அனுப்பியிருந்தாய். கையெழுத்துப் போடாமல் இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

குளத்தங்கரை நிலம் என்னுடையது. அப்பாவின் கடைசி நாளில் நீதான் கேட்டாய், "பெரியவனுக்கு என்னப்பா?" என்று. அவர் ஒரே சொல்தான் சொன்னார்: "கொச்சு." நீ உடனே சிரித்தாய். "கேட்டியாண்ணா, உனக்குப் பெப்பே!" என்றாய்.

கொச்சு என்றால் சேம்பு. குளத்தங்கரையில் வேறு எது முளைக்கிறது? ஊரே அதைக் கொச்சுக்கரை என்றுதானே சொல்கிறது? உனக்கு 'ஒன்றும் கிடையாது போ' என்கிற வசவுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஒன்றும் தெரியாதவனிடம் "உனக்குக் கொச்சு தெரியும்" என்கிறோம். கையை விரிக்கிறவன் "சுட்ட கொச்சு தின்னு" என்கிறான். பள்ளிக்கூடம் அதிகம் போகாவிட்டாலும் இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் அம்மா இறால் போட்டுத் தண்டு சமைத்து, "இன்னிக்குக் கொச்சுடா" என்றபோது, தட்டு காலி என்றா எழுந்து போனோம்?

போன வாரம் நிலத்தை அளக்க உன் ஆள் வந்தான். "இந்த அரிப்புக் காட்டுக்கா பெரியவரே இப்படி மல்லுக்கு நிக்கிறீங்க?" என்றான். இறங்கி அளந்துகொள் என்றேன். முழங்காலைச் சொறிந்துகொண்டே போய்ச் சேர்ந்தான். இன்னொருவனை அனுப்பினாலும் அதே கதிதான்.

அப்பா கொச்சு என்று வசவாகச் சொன்னால் கட்டைவிரலை முகத்துக்கு நேரே ஆட்டுவார். அவர் பேச்சை மீறி நான் கல்யாணம் செய்துகொண்டு வந்த நாளிலும் வாசலில் நின்று ஆட்டினார். உனக்கு அவர் ஒருநாளும் ஆட்டியதில்லை. கடைசி நாளில் எனக்கும் ஆட்டவில்லை. வலது கைதான் விழுந்துவிட்டதே என்பாய். முழுக்க விழவில்லை, விரல்கள் அசையும் என்று டாக்டர் சொன்னது உனக்கும் தெரியும்.

பதிலில் நிலத்தைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். நான் கால்மாட்டில் நின்றிருந்தேன். அவருடைய வலது கை உன் கைக்குள் இருந்தது. அந்தச் சொல்லைச் சொன்னபோது கட்டைவிரல் உன் உள்ளங்கையில் அசைந்ததா? அதை மட்டும் எழுது.

அசைந்தது என்றால் பத்திரத்தை மறுபடி அனுப்பு, கையெழுத்துப் போடுகிறேன். இதில் மட்டும் பொய் எழுதாதே தம்பி. நீயும் பிள்ளைகளும் நன்றாக இருங்கள்.

உன் அண்ணன்,
நிவாரண்