கழுவக் கூடாத பாட்டில்கள்

ஜூலை 7, திங்கள்

இன்று எனக்குப் புது அறை கொடுத்தார்கள். அறை என்று நான்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். மாடிப்படிக்குக் கீழே, உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்த இடம். ஒரு பக்கச் சுவருக்கு அந்தப்புறம் ஜெனரேட்டர். மின்சாரம் போனால் நான் பேசுவது எனக்கே கேட்காது. ஆனால் வடக்குப் பார்த்து ஒரு பெரிய ஜன்னல் இருக்கிறது. வெயில் நேராக அடிக்காமல் வெளிச்சம் மட்டும் வரும். அதன் அருமை கல்லூரி முதல்வருக்குத் தெரிந்திருந்தால் இந்த அறையை எனக்குக் கொடுத்திருக்க மாட்டார்.

சுற்றுச்சூழல் கல்வி, முதலாண்டு, எல்லாத் துறைக்கும் கட்டாயம். கட்டாயம் என்பதாலேயே யாருக்கும் வேண்டாத பாடம். ஆசிரியர் அறையில் கணக்கு வாத்தியார் கேட்டார்: "உங்க பேப்பர்ல இதுவரைக்கும் யாராவது ஃபெயில் ஆனது உண்டா மேடம்?" எல்லாரும் சிரித்தார்கள். "இந்த வருஷம் ஆவாங்க சார்" என்றேன். சிரிப்பு நின்றது. அற்ப சந்தோஷம்தான், இருந்தாலும் சந்தோஷம்.

ஜூலை 11, வெள்ளி

ஆளுக்கு ஒரு கண்ணாடி பாட்டில். கல்லூரிக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் இருந்து ஒரு பிடி சேறு, முக்கால் அளவுக்கு அதே வாய்க்கால் தண்ணீர், ஒரு கொத்து வேலம்பாசி என்கிற நீர்ச்செடி, ஒரு நத்தை. மூடியை இறுக்கி, மெழுகு ஊற்றி அடைத்து, பெயரும் தேதியும் ஒட்டி ஜன்னலில் வரிசையாக வைத்தோம். இனி பருவம் முடியும்வரை திறக்கக் கூடாது. ஒரே விதி அதுதான், பாடமும் அதுதான்.

நெட்டை என்று எல்லாரும் கூப்பிடுகிற பெண் எழுந்தாள். "காத்து இல்லாம செத்துடாதா மேடம்?"

"நீ சாகலையே."

"நான் வெளியில இருக்கேன் மேடம்."

"நீயும் மூடின பாட்டிலுக்குள்ளதான் இருக்க. கொஞ்சம் பெரிய பாட்டில், அவ்வளவுதான்."

பிறகு நானே சொன்னேன். வெளிச்சத்தில் பாசி விடுவதை நத்தை சுவாசிக்கிறது. நத்தை விடுவதையும் கழிப்பதையும் பாசி எடுத்துக்கொள்கிறது. செத்துப்போனதை எல்லாம் சேற்றில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத கூட்டம் பிரித்துப் பங்கு போடுகிறது. யாரும் யாருக்கும் தானம் செய்யவில்லை. அவரவர் பிழைப்பு அடுத்தவருக்குப் பிழைப்பாக இருக்கிறது.

சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார் விற்கிறவர். "நீ தண்ணி வத்துதுன்னு காலேஜ்ல பயமுறுத்து. பயந்தவன் இன்னும் ஆழமா தோண்டி எங்கிட்ட மோட்டார் வாங்குவான். நம்மளும் ஒரு பாட்டில்தாம்மா" என்றார். சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காக என் மேலேயே கோபமும் வந்தது.

ஜூலை 29, செவ்வாய்

ஒரு நத்தை முட்டையிட்டிருக்கிறது. வகுப்பில் கைதட்டல், ஜெனரேட்டரையும் மீறிக் கேட்டது.

ஆகஸ்ட் 6, புதன்

முதல்வர் கூப்பிட்டு அனுப்பினார். உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னால் நல்ல செய்தி இருக்காது.

"உங்க சப்ஜெக்ட்டை ஃபோன்லயே முடிச்சிடலாம்னு நிர்வாகம் நினைக்குது மேடம். பசங்க படிப்பாங்க, நாலு கேள்விக்குப் பதில் அழுத்துவாங்க, முடிஞ்சுது. உங்களுக்கு லைப்ரரில ஒரு சீட் போட்டுக் குடுத்துடறோம்."

"பாட்டில் எல்லாம்?"

"எந்த பாட்டில்?"

ஒரு மாதமாக மாணவர்கள் அந்த ஜன்னலை மொய்க்கிறார்கள். இவர் எந்த பாட்டில் என்கிறார்! நத்தைக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள், காலையில் வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து பார்க்கிறார்கள், இவருக்கு எந்த பாட்டிலாம்!

விடவில்லை. அடுத்த மாதம் சுற்றுச்சூழல் ஆய்வுக்குழு வருகிறது. அவர்கள் என் அறையைப் பார்க்கட்டும், நல்லதென்று எழுதினால் வகுப்பு இருக்கட்டும், இல்லையென்றால் நானே நூலகத்துக்குப் போகிறேன் என்றேன். முதல்வர் விரலால் மேசையைத் தட்டிக்கொண்டே யோசித்தார். "சரி மேடம். ஆனா பார்க்க நீட்டா இருக்கணும்" என்றார்.

வீட்டுக்காரர், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து புத்தகம் படிக்கிற வேலையை யாராவது வேண்டாமென்பார்களா என்று கேட்கிறார். வேண்டாம். பத்தொன்பது வயதில் ஒருவருக்கு மண், தண்ணீர், காற்று என்றால் என்னவென்று ஒரு முறையாவது கண்ணில் காட்ட வேண்டும். அதை நான்கு கேள்வியில் அழுத்த முடியாது. நான் நகர மாட்டேன்.

ஆகஸ்ட் 20, புதன்

உம்மணாமூஞ்சியின் பாட்டில் அழுகிவிட்டது. பையனுக்கு அந்தப் பெயர் சும்மா வைக்கவில்லை. சேர்ந்த நாளிலிருந்து அவன் பல்லை யாரும் பார்த்ததில்லை. தண்ணீர் கறுத்து, பாசி கூழாகி, நத்தை அடியில் கிடந்தது. மெழுகு உடைந்திருந்தது.

"திறந்தியா?"

"ஆமா மேடம். பிஸ்கட் போட்டேன்."

"ஏன்டா?"

"பாவமா இருந்துச்சு. அது கண்ணாடியையே நக்கிட்டு இருந்துச்சு மேடம். பசிக்குதுன்னு நெனச்சேன்."

கண்ணாடியில் படர்ந்த பாசியை அது மேய்ந்துகொண்டிருந்தது. அதுதான் அதன் சாப்பாடு. சாப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து இவன் பசி என்று நினைத்திருக்கிறான். பூஜ்யம் போட்டேன். அவன் மூடியைத் திரும்ப இறுக்கி என் கையில் கொடுத்தான். கொட்ட மனம் வரவில்லை. மற்ற பாட்டில்களோடு வைக்கவும் மனம் வரவில்லை. ஜன்னலை ஒட்டி நிற்கிற அலமாரியின் உச்சியில், கிழிந்த உலகப் படத்துக்குப் பின்னால் தள்ளி வைத்தேன்.

செப்டம்பர் 15, திங்கள்

வெள்ளிக்கிழமை ஆய்வுக்குழு. கல்லூரியே அல்லோலகல்லோலம். மரத்துக்கெல்லாம் இடுப்புவரை வெள்ளையடிக்கிறார்கள். மரத்தடியில் மக்கிக்கிடந்த இலையை எல்லாம் கூட்டிக் குவித்து எரிக்கிறார்கள். சுற்றுச்சூழல் குழுவை வரவேற்கப் புகை! என் வகுப்பே இருமிக்கொண்டிருந்தது. "இன்னைக்கு காத்து மாசு செய்முறைப் பயிற்சியா மேடம்?" என்று நெட்டை கேட்டாள். ஆமாம் என்றேன்.

என் பாட்டில்கள் மட்டும் யாருக்காகவும் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. பச்சை ஏறி, கண்ணாடி மங்கி, உள்ளே குட்டி நத்தைகள். நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

செப்டம்பர் 18, வியாழன்

எழுதவே கை வரவில்லை.

நேற்று மாமியாரைக் கண் மருத்துவரிடம் கூட்டிப்போக விடுப்பு எடுத்தேன். ஒரே ஒரு நாள். இன்று காலை கதவைத் திறந்தால் — ஜன்னல் பளபளக்கிறது. பாட்டில் எல்லாம் பளபளக்கிறது. ஒன்றுவிடாமல் கழுவி, துடைத்து, கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். பிளீச்சிங் பவுடர் வாசனை மூக்கைத் துளைத்தது. பாசி இல்லை, சேறு இல்லை, ஒரு நத்தை இல்லை. எல்லாம் சாக்கடையில. ஐயோ, எத்தனை பேரோட எத்தனை நாள்!

துப்புரவு செய்கிற அக்கா துடைப்பத்தோடு வாசலில் நின்றார். முகம் செத்துப்போயிருந்தது. "ஆபீஸ்ல சொன்னாங்க மேடம். பாசி புடிச்ச பாட்டில் இருக்கு, குழு வந்தா அசிங்கம், பிளீச்சிங் போட்டுக் கழுவிடுன்னு. மேடத்தைக் கேட்டுக்கலாமான்னு ரெண்டு தடவ கேட்டேன். கழுவுற வேலைக்கு எதுக்கு யோசனைன்னாங்க. உள்ள உசுரு இருக்குன்னு தெரிஞ்சேதான் கழுவினேன் மேடம்." அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாமலே விட்டிருக்கலாம். சொன்னார். அவர் மேல் எனக்குத் துளிக்கூடக் கோபம் இல்லை.

முதல்வர் மேல் இருந்தது. அறைக்குப் போய்க் கத்தினேன். அவர் பதறவே இல்லை. "இதுக்கா இவ்வளவு டென்ஷன்? மீன்தொட்டிக் கடைக்கு ஆள் அனுப்பியிருக்கேன். கலர் கல்லு, பிளாஸ்டிக் செடி, நல்ல தண்ணி. முன்னவிட அழகா இருக்கும் பாருங்க."

சாயங்காலம் ஒரு பெட்டி நிறைய ஊதாக் கல்லும் பச்சை பிளாஸ்டிக்கும் வந்தது. பெட்டியைப் பிரிக்காமல் அவர் அறை வாசலில் வைத்துவிட்டு வந்தேன். வேலை போனால் போகட்டும்.

செப்டம்பர் 19, வெள்ளி

வெறும் பாட்டில்களைப் பெயர் தெரியும்படி ஜன்னலில் அடுக்கச் சொன்னேன். மாணவர்கள் கேள்வி கேட்காமல் அடுக்கினார்கள். மூடியும் போட்டார்கள். நெட்டை மெழுகும் ஊற்றினாள்.

குழுத் தலைவி வயதானவர், மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார். ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்குள்ள என்ன இருக்கு?"

"சுத்தம்" என்றேன். "முந்தாநாள் வரைக்கும் ஒரு வாய்க்கால் இருந்தது. நீங்க வர்றீங்கன்னு கழுவிட்டாங்க."

முதல்வர் இருமினார். கணக்கு வாத்தியார் கூரையைப் பார்த்தார். இலை எரித்ததையும் சொன்னேன். சொல்ல ஆரம்பித்தவள் எதற்கு மிச்சம் வைக்க வேண்டும்?

அப்போது பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம். உம்மணாமூஞ்சி ஏறி நின்று, உலகப் படத்துக்குப் பின்னால் கைவிட்டு, தன் பாட்டிலை எடுத்தான். நான் அதை மறந்தே போயிருந்தேன். அக்காவின் கண்ணிலும் பட்டிருக்காது.

கறுப்புத் தண்ணீர் தெளிந்திருந்தது. கூழாகிப்போன பாசியின் தண்டிலிருந்து பொடிப்பொடியாய்ப் புது இலை. தண்ணீர் முழுக்கப் புள்ளி புள்ளியாக ஏதோ தாவித் தாவி நீந்தியது. அடியில் செத்த நத்தையின் ஓடு, அதன் மேலும் பச்சை.

தலைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இதுக்கு எவ்வளவு மார்க்?" என்று அவனைக் கேட்டார்.

"ஜீரோ மேடம்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் அசையவில்லை. "நத்தையைக் கொன்னதுக்கு ஜீரோ. அது அப்படியே இருக்கும். இது தானாத் தேறி வந்ததுக்கு மார்க் போடணும்னா இவனுக்கு இல்ல, இந்தத் தண்ணிக்குத்தான் போடணும்."

உம்மணாமூஞ்சி சிரித்தான். பல் வரிசை நன்றாகத்தான் இருக்கிறது.

அக்டோபர் 6, திங்கள்

குழுவின் அறிக்கை வந்துவிட்டது. "வளாகத்தின் தூய்மை பாராட்டத்தக்கது." என் பாடத்தைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. வகுப்பு இனி ஃபோனில். மாடிப்படி அறை மறுபடியும் உடைந்த பெஞ்சுக்கு. நாளையிலிருந்து நான் நூலகம்.

அழவில்லை. பொய். கழிவறையில் தாழ்போட்டுக்கொண்டு அழுதேன்.

வீட்டுக்காரர், அப்பவே சொன்னேனே என்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் காபியை ஆற்றிக்கொண்டே, "லைப்ரரில ஜன்னல் எந்தப் பக்கம்?" என்றார்.

வடக்கு. தரையிலிருந்து உத்தரம்வரை ஜன்னல்.

அக்டோபர் 27, திங்கள்

சூழல் மண்டலப் பாடத்தைக் கேன்டீன் வரிசையில் நிற்கும்போதே அழுத்தி முடித்துவிட்டார்களாம். எல்லாரும் தேர்ச்சி. முடித்துவிட்டு நேராக நூலகத்துக்கு வருகிறார்கள், முட்டிவரை சேற்றோடு, கையில் பாட்டிலோடு. மார்க் கிடையாது என்று சொல்லிப் பார்த்தேன். "தெரியும் மேடம், கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்றாள் நெட்டை. உம்மணாமூஞ்சிதான் இப்போது மேற்பார்வை. யாராவது மெழுகில் நகத்தை வைத்தால் குரைக்கிறான்.

நவம்பர் 12, புதன்

ஜன்னலில் இடம் போதாமல் அகராதி அடுக்கைக் காலி செய்தேன்.

மத்தியானம் முதல்வர் வந்தார். நின்று பார்த்தார். பச்சை, பழுப்பு, கலங்கல், தெளிவு, எல்லாம் அவரைப் பார்த்தபடி இருந்தன. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வராந்தாவில் போய்க்கொண்டிருந்த அக்காவைக் கூப்பிட்டார். "இதெல்லாம் என்ன? எடுத்துக் கழுவு."

அக்கா உள்ளே வந்தார். ஜன்னலுக்கும் முதல்வருக்கும் நடுவில் வந்து நின்றார். வாளியைத் தரையில் வைத்தார்.

"இது கழுவுற பாட்டில் இல்ல சார்" என்றார்.

முதல்வர் என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திருப்பினேன்.