ஃபிரிட்ஜ் மேல் ஆடிய ஜோடி

நேற்று ரூமுக்குப் புதிதாக வந்த ஃபிட்டர், ஊறுகாய் பாட்டிலை ஃபிரிட்ஜ் மேல் வைத்தான். அங்கே வைக்காதே என்று கத்திவிட்டேன். ஏன் என்று கேட்டான். அங்கே ராஜா கொடுத்த ஜோடி ஒன்று ஆடிக்கொண்டிருந்தது என்றால், இந்த ஆளுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்பான்.

ஏதோ ஒரு ஐரோப்பிய ராஜா ஷேக் வீட்டுக்கு அனுப்பிய பீங்கான் பொம்மை. ஆணும் பெண்ணும் கைகோத்து ஆடுவார்கள்; அவள் பாவாடை ஓரத்து லேஸ்கூடப் பீங்கான். நம் ரூமிலிருந்து அங்கே ஏசி ரிப்பேருக்குப் போன நீ, வேலையை முடித்துவிட்டு வந்திருக்கலாம். மரியாதைக்கு நெஞ்சில் கைவைத்து, "பஹுத் அச்சா" என்றாயாம். வந்தவர் புகழ்ந்த பொருளை அவருக்கே கொடுத்துவிடுவது அந்த வீட்டுப் பழக்கம். வீட்டுப் பெரியவர் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டார். மறுத்தால் அவருக்கு அவமானம்.

துபாயில் தேரா முழுக்க இந்தக் கதையைப் பரப்பியது நான்தான். ரூமில் எல்லோரும் கேட்டோம், அவருடைய காரைப் புகழ்ந்திருக்கக் கூடாதா என்று. நீ மட்டும் சிரிக்கவில்லை.

"கார வச்சு என்ன செய்ய மக்கா? இது அவளுக்கு. கட்டுன நாள்லேருந்து அவளுக்குன்னு நான் ஒண்ணும் கொண்டு குடுத்ததில்ல."

அன்றிலிருந்து ஃபிரிட்ஜ் பக்கம் யாரும் லுங்கி காயப்போடவில்லை. நீ லீவு கேட்கும்போதெல்லாம் விசா கொடுத்த கஃபீல் 'மாஃபி', கிடையாது என்றான். ஒருவழியாக லீவு கிடைத்த வாரத்தில் உன் நெஞ்சு நின்றுவிட்டது. நீ பெட்டியில் ஊர் போனாய். அதே விமானத்தில் ஜோடி என் மடியில் வந்தது. பணிப்பெண் சாப்பாட்டுத் தட்டை நீட்டினாள். வைக்க இடமில்லை.

அடக்கம் முடிந்து, கூட்டம் கலைந்த பிறகுதான் உன் மனைவி துணியைப் பிரித்தாள். லேஸை விரலால் தடவிப் பார்த்தாள். ஒரு கண்ணிகூட உடையவில்லை.

"அவிய ரூம்ல இதப் பாத்து ஏதாவது பேசுவாவளா அண்ணே?"

ஊர் வம்பெல்லாம் பேசுகிற வாய் எனக்கு; அன்று ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை. டியூட்டி முடிந்து வந்ததும் அந்தப் பொம்மைக்காரியிடம் நீ மெதுவாகக் கேட்பது ஒன்றே ஒன்று. எங்களுக்குக் கேட்காது என்று நினைத்திருப்பாய்.

"'சாப்ட்டியா'ன்னு கேப்பான், தங்கச்சி."

அவள் பொம்மையைக் கீழே வைத்தாள். பிறகு எழுந்து போய் எனக்குச் சோறு போட்டாள். தனக்கும் ஒரு தட்டு எடுத்து வைத்தாள். சேதி வந்த நாளிலிருந்து அவள் பருக்கை தொடவில்லை என்று அப்புறம்தான் சொன்னார்கள்.

பொம்மையை அவளிடம் ஒப்படைத்தேன். அந்தக் கேள்வியை மட்டும் திரும்ப ரூமுக்குக் கொண்டுவந்துவிட்டேன். டியூட்டி முடிந்து கதவைத் திறக்கும்போது நாக்கில் வந்து நிற்கிறது, உள்ளே யாரும் இல்லாத நாளிலும்.